பிடே வாடாவும் கைநாட்டுப் பத்திரங்களும்

புனே நகரில் குடியேறிய நம்மவருள் புதவார் பேட்டைக்குச் சென்று தகடூசேட் கணபதியைத் தரிசியாதவர் அரியர். அக்கோயிலுக்கு எதிரே, கீழ்த்தளத்தில் கடைகளைத் தாங்கிக்கொண்டு, பழைய மாடி வீடொன்று நெடுங்காலம் சிதைந்து நின்றது. அர்ச்சனைத் தட்டோடு அதனைக் கடந்து சென்ற நாம் ஒருமுறையேனும் அண்ணாந்து பார்த்தோமில்லை. பிடே என்பாருக்கு உரிமையாயிருந்தமையால் பிடே வாடா என்று அதற்குப் பெயர். வாடா என்பது நடுவே முற்றமும் சுற்றிலும் கட்டுகளும் உடைய மராட்டியப் பெருவீடு. நம் ஊர்ச் சுற்றுக்கட்டு வீட்டுக்கு உறவென்று சொல்லலாம்.

அவ்வீட்டில்தான் 1848-ஆம் ஆண்டில் ஜோதிராவ் புலேயும் அவர் மனைவியார் சாவித்திரிபாயும் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். இந்தியர் தாமே நிறுவிய பெண் பள்ளிகளுள் இதுவே முதலாவது என்பது பொது வழக்கு. வங்காளத்துப் பாராசாத்தில் 1847-இல் எழுந்த பள்ளிக்கும் அவ்வுரிமை உண்டென்பர். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. வந்து சேர்ந்த சிறுமியர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். ஆசிரியையான சாவித்திரிபாய்க்கோ அப்போது வயது பதினேழு. அவரே மணமான பின்னர்க் கணவரிடம் எழுத்தறிந்தவர். பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சேற்றையும் சாணத்தையும் எறிந்தார்கள் என்றும், மாற்றிக்கொள்ள வேறொரு புடைவையை அவர் உடன் கொண்டு சென்றார் என்றும் சொல்வார்கள். ஊரார் நெருக்குதலுக்கு அஞ்சிய ஜோதிராவின் தந்தையார் இருவரையும் வீட்டைவிட்டு வெளியேற்றினார்.

எனினும், இது நகரத்துக் கதை மட்டுமன்று. சாவித்திரிபாய் பிறந்தது சாத்தாரா மாவட்டத்து நாய்காவ் என்னும் சிற்றூரில். ஜோதிராவின் முன்னோர் அதே மாவட்டத்துக் காட்குண் கிராமத்தார். அங்கிருந்து புரந்தர்ப் பகுதிக்குப் பெயர்ந்து, பின்னர்ப் புனே சேர்ந்து, பேஷ்வா அரண்மனைக்குப் பூ அளித்ததால் ‘புலே’ என்னும் பெயர் பெற்றனர். பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பம் என்ற வகையில் அவர்கள் நமக்கு அந்நியரல்லர்.

அவர்கள் விட்டுவந்த கிராமங்களில் எழுத்தறியாமை என்பது வெறும் குறையாக இருக்கவில்லை. நிலத்தையே இழக்கச் செய்யும் ஆபத்தாக இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் பருத்தி விலை ஏறியது. 1865-இல் போர் முடிந்ததும் சரிந்தது. நிலவரியோ உயர்த்தப்பட்டது. குடியானவன் சாகுகாரிடம் கடன் பெற்றான். தனக்குப் படிக்கத் தெரியாத பத்திரத்தின் அடியில் கையொப்பத்துக்கு மாறாக ஒரு கலப்பையின் உருவைக் கீறிக் கொடுத்தான். அதில் எழுதியிருந்தது வாங்கிய தொகையா, அதனினும் மிகுதியா என்பதை அவன் எங்ஙனம் அறிவான்? 1875 மே 12-ஆம் நாள் புனே மாவட்டத்துச் சூபே சந்தையில் குடியானவர்கள் திரண்டு கடைகளைச் சூறையாடினர். அவர்கள் முதன்மையாகக் கேட்டது கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையுமே. கிடைத்தவற்றைக் குவித்துக் கொளுத்தினர். கலகம் அகமதுநகர் வரை பரவியது. 1879-இல் இயற்றப்பட்ட தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டத்தின்படி, குடியானவனின் கடன் பத்திரம் கிராமப் பதிவாளர் முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்றாயிற்று. படிக்கத் தெரியாதவனுக்கு அரசாங்கம் ஒரு கண் இரவல் கொடுத்தது எனலாம்.

இரவல் கண் போதாது என்பதே ஜோதிராவின் கருத்து. 1882-இல் ஹண்டர் கல்விக் குழுவின்முன் அவர் அளித்த விண்ணப்பத்தைப் படிப்போர் இதனைத் தெளிவாகக் காண்பர். அரசாங்கத்தின் வருவாய் உழவனின் உழைப்பிலிருந்து வர, கல்விச் செலவின் பயனோ மேல்வகுப்பாரையே சேர்கிறது என்றார். மாடு மேய்க்கவும் வயலைக் காக்கவும் பிள்ளைகள் தேவைப்படுவதால் கிராமத்தார் பள்ளியை நாடுவதில்லை என்பதையும் மறைத்தாரில்லை. குறைந்தது பன்னிரண்டு வயது வரை கட்டாயக் கல்வி வேண்டும்; வாசிப்பும் மோடி எழுத்தும் கணக்கும் வேளாண்மையும் கற்பிக்க வேண்டும்; ஆசிரியர் இயன்றவரை உழுகுடியிலிருந்தே வரவேண்டும் என வரையறுத்தார். மோடி எழுத்தென்பது அக்காலத்துப் பத்திரங்களும் கணக்குகளும் எழுதப்பட்ட தொடரெழுத்து வகை. அதனை அவர் விடாது கேட்டதன் காரணம் சூபேயின் சாம்பலை அறிந்தவர்க்குத் தானே விளங்கும்.

பிடே வாடா இன்று இல்லை. நினைவுச் சின்னம் எழுப்பும் பொருட்டு, நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2023 டிசம்பரில் அதனை இடித்தனர். சின்னம் எழுப்ப வீட்டையே இடிக்க நேர்ந்ததில் நமக்கு வருத்தமுண்டு. ஆயினும் தாங்கி நிற்கும் நிலையில் அச்சுவர்கள் இல்லை. அங்கிருந்து சிறிது தூரத்தில், மரச் செதுக்கு வேலை மிகுந்த விசிராம்பாக் வாடா இன்றும் நிற்கிறது. 1821-இல் அங்கு தொடங்கியது சமஸ்கிருதப் பாடசாலை. 1852 நவம்பர் 16-ஆம் நாள் ஜோதிராவுக்கு அரசாங்கத்தார் சால்வை அணிவித்துச் சிறப்பித்ததும் அங்கேதான். சாத்தாரா செல்லும் அன்பர்கள் நாய்காவுக்கும் போகலாம். சாவித்திரிபாய் பிறந்த வீட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள்.