வேடன் தாங்கலும் கலெக்டர் கவுலும்

கைத்தறியே ஊரின் ஜீவனமாக இருந்த நாட்களில், ஐப்பசி பிறந்து வானம் இருண்டால் பொதட்டூர்பேட்டை நெசவாளர்களின் முகமும் சற்று இருண்டு போகும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது. போட்டாலும் காயாது. தறிக்குழியில் ஈரம் ஊறும். அதே மழைக்காக அடுத்த ஊர் ஏரிக்கரையில் நிற்கும் குடியானவரோ வானத்தைப் பார்த்துக் கை கூப்புவார். ஒருவருக்கு நஷ்டம், மற்றவருக்கு லாபம். இவர்கள் இருவரையும் தவிர மூன்றாவதாக ஒரு கூட்டமும் அந்த மழைக்குக் காத்திருக்கிறது. அதற்குத் தறியும் இல்லை, ஏரும் இல்லை. சிறகு மட்டும்தான் உண்டு.

திருத்தணி மலைக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் இந்த ஊர் 1960ஆம் ஆண்டு வரை சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. நீண்ட எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதி திருத்தணித் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, பொதட்டூர்பேட்டையும் செங்கற்பட்டு ஜில்லாவுக்குள் வந்தது. மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவே எண்ணற்ற ஏரிகள். இதுதான் பழைய செங்கற்பட்டு ஜில்லா. இன்று அது திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. பிரித்ததும் சேர்த்ததும் நாம்தான். பறவைகளைக் கேட்டால் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பு என்றே சொல்லும்.

ஐரோப்பியர் இலையுதிர் காலம் என்று சொல்லும் பருவம் நமக்கு ஏரி நிரம்பும் காலம். வடக்கே சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் நீர்நிலைகள் உறையத் தொடங்கும்போது அங்கிருந்து நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டியே வருகிறது. இந்தப் போக்குவரத்து நம்மவர்களுக்குப் புதிய சங்கதி அல்ல. வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர், குமரித் துறையாடி வடதிசைக்குத் திரும்பும் நாரையைத்தானே தம் மனைவிக்குத் தூது அனுப்பினார்? பறவை நூல் படித்தா அந்தத் திசையைத் தெரிந்து கொண்டார்? இல்லை, வானத்தைப் பார்த்துத் தெரிந்து கொண்டார்.

ஆனால் விருந்தாளியாக வந்து போகிற பறவைகள் வேறு. வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற பறவைகள் வேறு. இரண்டாவது வகையைப் பார்க்க வேண்டுமானால் மதுராந்தகத்துக்கு அருகில் உள்ள வேடந்தாங்கலுக்குத்தான் போக வேண்டும். ஊரின் பெயரே வேடிக்கையானது. தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடந்தாங்கல் வேடனுடைய ஏரி. ஒரு காலத்தில் வேட்டையாடுகிறவர்கள் வந்து போன இடம் என்பதற்குப் பெயரைத் தவிர வேறு சாட்சி வேண்டாம். அந்த இடம் பறவைகளின் அடைக்கலமாக மாறியதுதான் நம் சரித்திரம்.

ஏரி பெரியது அல்ல. சுமார் 75 ஏக்கர். அதற்குள்ளே கடம்ப மரங்கள் தண்ணீரில் நிற்கின்றன. மழை பெய்து ஏரி நிரம்பினால் அந்த மரங்களைச் சுற்றி அகழி வெட்டியது போல் ஆகிவிடும். நரியும் காட்டுப் பூனையும் எளிதில் கிட்டே வர முடியாது. ஆகவே நாரை, நீர்க்காகம், வக்கா, பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் கார்த்திகை மாதவாக்கில் அங்கே குடித்தனம் தொடங்குகின்றன. மழை பொய்த்து ஏரி காய்ந்து கிடக்கும் ஆண்டுகளில் அவை கூடு கட்டுவதில்லை. அகழி இல்லாத கோட்டைக்குள் யார் குடியேறுவார்கள்?

பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடும் இடத்தில் எச்சமும் ஏராளமாக விழும். பட்டணத்து மனிதர் மூக்கைப் பிடித்துக் கொள்வார். வேடந்தாங்கல் குடியானவரோ அதைக் கண்டு மகிழ்ந்தார். அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தபோது பயிர் தழைத்து வளர்ந்தது. ரசாயன உரம் என்று ஒன்று பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, உரம் கலந்த தண்ணீர் மதகு வழியே தானாக வந்து சேர்ந்தது. போதாததற்கு, நத்தை குத்தி நாரை வயலில் இறங்கி நத்தைகளைத் தின்றது. ஊரார் பறவைகளைக் காத்தார்கள் என்றால், அதற்கு இரக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கணக்கும் உண்டு. இரக்கம் ஒரு தலைமுறையில் வற்றிப் போகலாம். கணக்கோடு சேர்ந்த இரக்கம் எளிதில் வற்றுவதில்லை.

இந்த அமைதிக்கு ஆபத்து துப்பாக்கி வடிவில் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினிச் சிப்பாய்கள் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் பார்த்துக் கொண்டு சும்மா இருக்கவில்லை. கலெக்டரிடம் முறையிட்டார்கள். ஆட்சி செய்கிறவர்களின் படையாட்கள் மீது, அந்த ஆட்சியின் அதிகாரியிடமே போய்ப் புகார் சொல்வது என்றால் அதற்கு நெஞ்சுரம் வேண்டும். அப்போது கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ்.

இந்தப் பெயரைக் கேட்டதும் வாசகர்களில் சிலருக்கு வேறொரு கதை ஞாபகம் வந்திருக்கும். மதுராந்தகம் ஏரியின் கரை மழைக்கு மழை உடைந்து கொண்டிருந்தது. அதைக் காக்க முகாமிட்டிருந்த துரையிடம், ஜனகவல்லித் தாயாருக்குச் சன்னதி கட்டித் தர வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் வேண்டினார்கள். "இந்த வருஷம் கரை உடையாமல் இருக்கட்டும், கட்டித் தருகிறேன்" என்றாராம் துரை. கொட்டும் மழையில் நள்ளிரவு கரையைப் பார்க்கப் போனவரின் கண்ணுக்கு, வில்லும் அம்புமாக இரண்டு வீரர்கள் காவல் நின்றது தெரிந்ததாம். கரை உடையவில்லை. சன்னதி எழுந்தது. ராமர், ஏரி காத்த ராமர் ஆனார். அந்தத் துரைதான் இந்தப் பிளேஸ்.

கதையைக் கதையாகவே வைத்துக் கொள்வோம். அதற்கு அடியில் இருக்கும் சரித்திரத்தையும் பார்ப்போம். ஆற்காட்டு நவாபு கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்த நாடு செங்கற்பட்டு. 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு அதைச் சூறையாடிவிட்டுப் போனது. ஊர்கள் பாழாயின, ஏரிகள் தூர்ந்தன. 1794இல் கலெக்டராக வந்த பிளேஸுக்கு வரி வசூலாக வேண்டும். வரிக்கு நெல் வேண்டும். நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே அவர் ஏரிகளைப் பழுது பார்ப்பதில் ஈடுபட்டார். தண்ணீரின் அருமை அறிந்த ஒருவரிடம், "எங்கள் ஏரித் தண்ணீரின் வளத்துக்குக் காரணமான பறவைகளைச் சுடுகிறார்கள்" என்று சொன்னால் அவருக்குப் புரியாமல் போகுமா? 1798இல் அவர் ஊராருக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். அந்த ஏரியின் பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று கும்பினி ஒப்புக் கொண்ட பத்திரம் அது.

பத்திரத்தை எழுதியவர் துரை என்பதனால் பெருமையை முழுவதும் அவருக்கே கொடுத்துவிடுவது நம்முடைய பழைய வழக்கம். உண்மையில் கவுல் தோன்றுவதற்கு முன்பே காவல் இருந்தது. துரை செய்தது, இருந்த காவலுக்கு முத்திரை வைத்தது. அதுவும் சிறிய காரியம் அல்ல. ஆனால் எது முன்பு, எது பின்பு என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தத் துரையின் சொந்த நாட்டில் நிலைமை எப்படி இருந்தது? யார்க்ஷயரின் பிளாம்பரோ முனைப் பாறைகளில் கடற்பறவைகள் முட்டையிடும் பருவத்தில், படகு வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் வேடிக்கைக்காகவே சுட்டுக் குவிப்பார்கள். கடற்பறவைகளைக் காக்கப் பாராளுமன்றம் சட்டம் செய்தது 1869இல்தான். நார்போக் கடற்கரையில் கிளே என்ற ஊரின் சதுப்பு நிலத்தை சிட்னி லாங் என்ற டாக்டரும் அவரது நண்பர்களும் பறவைகளுக்காக வாங்கியது 1926இல். இன்று இலையுதிர் காலத்தில் அங்கே கூட்டம் கூட்டமாக வந்து தொலைநோக்கியோடு நிற்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பிளாம்பரோ பறவைகளுக்குச் சட்டம் கிடைப்பதற்கு 71 ஆண்டுகள் முன்பே வேடந்தாங்கல் பறவைகளுக்குக் கவுல் கிடைத்துவிட்டது. கேட்டு வாங்கியவர்கள் வேட்டி கட்டிய குடியானவர்கள்.

காகிதம் வாங்கியதோடு அவர்கள் தூங்கிவிடவும் இல்லை. 1858இல் அந்த உரிமையை மறுபடி உறுதி செய்து கொண்டார்கள். 1936இல் கலெக்டர் அந்த இடத்தைச் சரணாலயமாக அங்கீகரித்தார். பத்மாவதி சரித்திரம் எழுதிய மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், வேடந்தாங்கலின் பறவைகளைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதினார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசம் முழுமைக்கும் வந்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று எல்லை வகுத்தார்கள். 2020இல் அந்த எல்லையைச் சுருக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது, யோசனை நிறைவேறவில்லை. 2022இல் வேடந்தாங்கல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈர நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக அறுபடாத சங்கிலி. அதன் முதல் கண்ணி ஊராரின் முறையீடு.

இனி, அதே பழைய ஜில்லாவின் வடகிழக்கு மூலைக்குப் போவோம். அங்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. ஏரி என்று சொன்னாலும் அது கடலின் கை. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. துணி வாங்க வந்த டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணி இங்கிருந்து கப்பலேறியது. பழவேற்காட்டின் பெயரைத் தாங்கிய கைக்குட்டைகள் கடல் கடந்து போயின. கோட்டை இடிந்து போயிற்று. டச்சுக்காரர்களின் கல்லறைகள் மிச்சம். அவர்களுக்கு முன்பும் பின்பும் மாறாமல் வந்து போகிறவை பூநாரைகள்.

மழை ஓய்ந்த பிறகு பூநாரைகள் வரிசை வரிசையாக ஏரியின் ஆழமில்லாத தண்ணீரில் நிற்பதைப் பார்த்தால், யாரோ இளஞ்சிவப்புப் பாவை நீளமாக விரித்துக் காய வைத்தது போல் இருக்கும். அவை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து, சேற்று நீரை வடிகட்டி நுண்ணிய பாசியையும் சிறு பூச்சி இறால்களையும் உண்கின்றன. சிறகின் நிறமே அந்த உணவிலிருந்து வருவதுதான். தண்ணீர் அதிகம் ஆழமானாலும் உதவாது, வற்றினாலும் உதவாது. ஆற்று நீரும் கடல் நீரும் அளவாகக் கலந்து கொண்டிருக்க வேண்டும். தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீர் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியே கடல் உள்ளே வருகிறது. அதன் வழியாகவே இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வருகின்றன. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் மீனவர் வலையும் காலி, பறவையின் வயிறும் காலி.

இந்த ஏரியை மனிதர்கள் இரண்டு ராஜ்யங்களுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். பெரும் பகுதி ஆந்திரத்தில். தென் பகுதி தமிழ்நாட்டில். ஆந்திரத்தின் பகுதி 1976இலும் தமிழ்நாட்டின் பகுதி 1980இலும் தனித்தனியே சரணாலயமாயின. கூழைக்கடா ஆந்திரத்து நேலப்பட்டுவில் கூடு கட்டுகிறது. மீனுக்குப் பழவேற்காடு ஏரிக்கு வருகிறது. அதனிடம் யார் பாஸ்போர்ட் கேட்பது?

ஆனால் பழவேற்காட்டுக்கு ஒரு குறை. வேடந்தாங்கலில் ஊரார் முதலில், சட்டம் பிறகு. இங்கே சட்டம் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஊரார் இன்னும் நின்று கொண்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் இங்குள்ள மீனவர்களிடம் பாடு என்று ஒரு பழைய முறை உண்டு. எந்த நாளில் எந்தக் குப்பத்தார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாடு அது. ஒருவரே ஏரியை வழித்து எடுத்துவிடாதபடி அவர்களாகவே வகுத்துக் கொண்ட கவுல் என்று அதைச் சொல்லலாம். பாடு முறைக்குள் சேராத இருளர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவியே இறால் பிடிக்கிறார்கள். சரணாலயம் என்று அறிவித்தபோது, எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களின் உரிமை எது, எது வரை என்று வரையறுத்துத் தீர்க்கும் வேலை பல பத்தாண்டுகள் இழுத்துக் கொண்டே போயிற்று. உரிமை தெளியாத இடத்தில் மீனவருக்குப் பறவை போட்டியாளராகத் தோன்றினால் அவரைக் குறை சொல்வதா?

பூநாரைக்கு வேண்டியதும் மீனவருக்கு வேண்டியதும் ஒன்றுதான்: திறந்த முகத்துவாரம், சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்காத தண்ணீர், வற்றாத ஆறு. பிளேஸ் துரை காலத்தில் நெல்லும் நாரையும் ஒரே பக்கம் நின்றது போல, இங்கே இறாலும் பூநாரையும் ஒரே பக்கம் நிற்கின்றன. அதை எழுத்தில் வைத்து, குப்பத்தாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்கள் கையெழுத்தையும் வாங்கிக் கொள்ள வேண்டியதுதான் பாக்கி. இரண்டு ராஜ்யங்களும் அந்தப் பத்திரத்தில் சேர்ந்து முத்திரை வைத்தால் இன்னும் நல்லது. 1798இல் ஒரு கும்பினிக் கலெக்டரால் முடிந்த காரியம், குடியரசில் முடியாமல் போக நியாயம் இல்லை.