நற்செய்தியின் கடுகுச்செடி எது?

விண்ணரசை ஆண்டவர் கடுகு விதைக்கு ஒப்பிட்டதை நாம் அறிவோம். வானத்துப் பறவைகள் வந்து தங்கும் அச்செடி எதுவென்பது அறிஞரிடையே நெடுங்காலம் வினாவாக இருந்தது.

சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பாளராய் இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் ராயில், 1844-இல் இலண்டன் அரச ஆசியக் கழகத்தில் கட்டுரை படித்தார். தமிழில் உகாய் எனப்படும் மரமே அது என்பது அவர் முடிவு. மத்தேயுவும் லூக்காவும் மரம் என்றே கூறுகின்றனர். உகாயின் வடநாட்டுப் பெயரோ கடுகைக் குறிக்கும் அரபுச் சொல்லை ஒத்திருந்தது. ஆயினும் உகாய் யோர்தான் பள்ளத்தாக்கின் வெம்மைக்கு உரியது. அதன் விதையும் அத்துணைச் சிறியதன்று. மாற்கு (4:32) அதனைச் செடிகளுள் பெரியது என்றே எழுதுகிறார்.

எனவே பலரும் கருங்கடுகையே ஏற்கின்றனர். கலிலேயாவில் மஞ்சள் பூக்கும் காட்டுக்கடுகுகள் பல. நான்கு இதழ்கள் சிலுவை வடிவில் அமைவது அனைத்திற்கும் பொது. வேற்றுமை காட்டுவது காயே. வெண்கடுகின் காய் மயிரடர்ந்து, தட்டையான நீண்ட அலகோடு முடியும். கருங்கடுகின் காய் குட்டையாய்த் தண்டோடு ஒட்டி நிற்கும். அதன் விதை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். செடியோ ஒரே பருவத்தில் 2 மீட்டர்வரை உயரும்.

இறைவாக்கினர் எசேக்கியேல் (17:23) பறவைகளைக் கேதுரு மரத்தின் நிழலில் கண்டார். ஆண்டவரோ அப்பறவைகளை ஓராண்டே வாழும் வயற்செடியில் தங்கவைத்தார். அதனைப் பெருமரமாக்கிக் காண விழையும்போது, எளியவற்றில் வளரும் இறையாட்சியை நாம் காணத் தவறுகிறோம்.