வெளிச்சம் பட்டால் வலிக்கிறதா?

கறுப்புக் கண்ணாடியோடு பொள்ளாச்சி சந்தைக்குள் நுழைந்து பாருங்கள். ‘‘என்னங்க, மெட்ராஸ் ஐ-ங்களா?’’ என்று நாலு பேராவது கேட்டுவிட்டு, அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பார்ப்பதால் எல்லாம் ஒட்டாது. கண்ணைத் தேய்த்த கையும் துடைத்த துண்டும்தான் அதைப் பரப்புகின்றன!

அது சரி, கண் வலிக்கு மெட்ராஸ் பெயர் எப்படி வந்தது?

கதை எகிப்தில் ஆரம்பிக்கிறது. 1801-ல் நெப்போலியன் படையோடு மோத அங்கே போன பிரிட்டிஷ் சிப்பாய்கள், கண் நோயோடு ஊர் திரும்பினார்கள். வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். பலருக்குப் பார்வையே போனது. 1805-ல் லண்டனில் கண்ணுக்கென்று தனி மருத்துவமனை பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பாணியிலேயே 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் ஒன்றை ஆரம்பித்தது. இன்றைய எழும்பூர் கண் மருத்துவமனை அதுதான்... ஆசியாவிலேயே முதல்!

முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில், சென்னையில் கண் நோய் கொள்ளையாகப் பரவியது. எழும்பூர் கண் மருத்துவமனைக்குத் தலைமை வகித்த கிர்க்பாட்ரிக், 1920-ல் அதைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். ‘மெட்ராஸ் ஐ’ என்ற பெயர் அதையொட்டி வந்தது என்பார்கள். அடினோ வைரஸ் பிடிபட்டதோ 1950-களில்தான்!

ஆனால், பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. கிர்க்பாட்ரிக் எழுதியது வெறும் சிவப்பைப் பற்றி அல்ல. கருவிழி மேல் கண்ணாடி மாதிரி இருக்கும் ‘கார்னியா’ படலத்தில் புள்ளி புள்ளியாக விழுந்த பாதிப்பைப் பற்றி. உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் அது ஒன்று. அங்கே கீறலோ புண்ணோ வந்தால், லேசான வெளிச்சம்கூட ஊசியாகக் குத்தும்.

சாதாரண மெட்ராஸ் ஐ என்றால் சிவக்கும், உறுத்தும், பீளை கட்டும். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே போய்விடும். ‘வெளிச்சமே ஆகலீங்க, பார்வையும் மங்குதுங்க’ என்றால் கதையே வேறு.

தென்னையும் சோளமும் விளையும் கொங்கு நாட்டில் இதை மறக்கவே கூடாது. கண்ணில் ஓலை கிழிக்கும், தட்டு குத்தும், தூசி விழும். அந்த வழியாகக் காளான் கிருமி உள்ளே போனால் கார்னியாவில் புண். அதையும் மெட்ராஸ் ஐ என்று நினைத்து, மருந்துக் கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விட்டால்? சிவப்பு குறையும், கிருமி உள்ளே கொழுக்கும். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு, இழைக் காளான் புண்ணுக்கு ‘நாட்டமைசின்’ சொட்டுதான் சிறந்தது என்று காட்டியது. ஆனால், புண் காளானால் வந்ததா என்று சுரண்டிப் பார்த்துச் சொல்ல டாக்டர் வேண்டும்.

கண் கூச்சம் ஓர் எச்சரிக்கை மணி. கறுப்புக் கண்ணாடி அந்தச் சத்தத்தை அடக்கும், அவ்வளவுதான். போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்!