320 ஜிபி வாங்கினால் 298 தான் வருமா? காணாமல் போன டிஸ்க் இடத்தின் கதை

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. திருப்பூர் மாவட்டம் கணியூர் மாதிரி ஊர்களில், பனியன் கம்பெனிக்குப் போகும் பல குடும்பங்களுக்கு வீட்டுக்குள் வந்த முதல் கணினியே அதுதான். ஹார்ட் டிஸ்க் 320 ஜிபி என்றார்கள். விண்டோஸில் தெரிகிற டிரைவ்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு வராது. இலவசப் பொருள் ஆயிற்றே, மீதியை யாரோ சுருட்டிவிட்டார்கள் என்று சந்தேகம் வருவது இயல்புதான் :)

யாரும் சுருட்டவில்லை. முதல் குழப்பம் கணக்கில். டிஸ்க் தயாரிப்பவர்களுக்கு ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக்கொண்டே போகும். அதனால் 320 ஜிபி, 298 ஆகிவிடும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998-லேயே 'கிபி', 'மெபி', 'கிபிபைட்' என்று தனிப்பெயர்கள் வைத்தார்கள். கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இரண்டாவதுதான் சுவாரசியம். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட, டெபியன் வழி வந்த இயங்குதளம் அது. லினக்ஸின் எக்ஸ்ட் வகைப் பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. தெரியாததால் டிரைவ் எழுத்தும் கொடுக்காது. இடம் இருக்கிறது, கண்ணில் படாது.

விவரம் தெரிந்த அண்ணன் யாராவது அதை அழித்து இடத்தை மீட்டுத் தருவதாகச் சொல்வார். அங்கேதான் வினை. காரணம் 1983-ல் இருக்கிறது. 10 எம்பி டிஸ்க்கோடு வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினிக்காக டாஸ் 2.0-ல் பார்ட்டிஷன் அட்டவணை செய்தார்கள். டிஸ்க்கின் முதல் 512 பைட்டில், 446 பைட் துவக்க நிரலுக்கு, 64 பைட் அட்டவணைக்கு. அந்த 64-க்குள் நாலே நாலு பார்ட்டிஷன்தான் எழுத முடியும். லினக்ஸ் நிறுவும்போது அந்த 446 பைட்டில் கிரப் உட்காரும். அவ்வளவு சின்ன இடத்தில் அது முழுதாக அடங்காது. மீதி லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் கிடக்கும். அதை அழித்தால் பாதி கிரப் மீதிப் பாதியைத் தேடி, 'கிரப் ரெஸ்க்யூ' என்று கருப்புத் திரையில் நின்றுவிடும். உள்ளே விண்டோஸ், போட்டோ, பிராஜக்ட் எல்லாம் அப்படியே பத்திரமாக இருக்கும். பயந்துபோய் மொத்தமாக ஃபார்மட் அடித்தால்தான் நிஜமாகவே போகும். விண்டோஸ் சிடியால் துவக்கப் பகுதியை முதலில் சரிசெய்துவிட்டு, அப்புறம் பார்ட்டிஷனைத் தொட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை.

லினக்ஸுக்குள் போனாலும் கொஞ்சம் இடம் குறையும். 1980-களில் பெர்க்லி யுனிக்ஸ்காரர்கள் டிஸ்க்கில் 10 சதவீதத்தை ஒதுக்கி வைத்தார்கள். டிஸ்க் நிரம்பினால் ஃபைல்கள் துண்டுதுண்டாகிவிடும் என்பதால். 1993-ல் வந்த எக்ஸ்ட்2 அதை 5 சதவீதமாக்கி, ரூட் பயனருக்கு மட்டும் என்று வைத்தது. 100 ஜிபி பார்ட்டிஷனில் 5 ஜிபி! வெறும் டேட்டா வைக்கிற பார்ட்டிஷன் என்றால் 'டியூன்2எஃப்எஸ்' கட்டளையால் அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

எதையும் அழிக்கும் முன் 'எஃப்டிஸ்க்' பட்டியலைப் பார்த்தால் போதும். வகை 7 என்றால் அநேகமாக விண்டோஸ், 83 என்றால் லினக்ஸ். 298-க்கும் கணக்கு அங்கேயே இருக்கும்.