பல் மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்பு: அந்தமான் நிக்கோபார் தீவுகள்

ஒருவர் வாயிலுள்ள இரத்தமும் எச்சிலும் கருவி, கை, தண்ணீர், காற்று வழியாக இன்னொருவரைச் சேராமல் காப்பதே பல் மருத்துவத்தில் தொற்றுத் தடுப்பு எனப்படும். பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் நிமிடத்துக்கு மூன்று லட்சம் முறைக்கு மேல் சுழல்கிறது. அதிலிருந்து தெறிக்கும் துளிகள் மருத்துவரின் முகத்திலும் விளக்கின் கைப்பிடியிலும் படிகின்றன. உலர்ந்த இரத்தத்தில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஏழு நாள்கூடத் தாக்குப்பிடிக்கும்.

1867-இல் அறுவை மருத்துவர் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் அறுவைப் புண்களைக் காத்தார். 1879-இல் சேம்பர்லாண்ட், நீராவியால் கருவிகளிலுள்ள நுண்ணுயிரைக் கொல்லும் ஆட்டோகிளேவை உருவாக்கினார். ஆயினும் பல் மருத்துவமனைகளில் கொதிநீர்ப் பெட்டியே நெடுங்காலம் புழங்கியது. கொதிநீரில் சாகாத நுண்ணுயிர் வித்துகள் ஆட்டோகிளேவின் 121 டிகிரி நீராவியில் 15 நிமிடத்தில் சாகும். 1980-கள் வரை பெரும்பாலான பல் மருத்துவர்கள் வெறுங்கையால்தான் வேலை செய்தனர். எய்ட்ஸ் பற்றிய அச்சமே அந்தப் பழக்கத்தை மாற்றியது. 1986-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பல் மருத்துவத்துக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. 1990-இல், ஃபுளோரிடாவில் ஒரு பல் மருத்துவரிடமிருந்து நோயாளிக்கு எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற செய்தி வெளிவந்தபின் கையுறையைத் தவிர்க்கத் துணிந்தவர் குறைவு.

அந்தமானில் கவலைப்பட வேண்டியது ஹெபடைட்டிஸ் பி-யைப் பற்றித்தான். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1983-இல் தொடங்கிய வட்டார மையத்தின் ஆய்வுகள், நிக்கோபாரியரில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் இந்த வைரஸைச் சுமப்பதைக் காட்டின. நூற்றுக்கு எட்டுப் பேரைத் தாண்டினாலே மிகுந்த பரவல் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2000-இல் கார் நிக்கோபாரில் சோதனை முறையில் தடுப்பூசி போடப்பட்டது. நாடு முழுவதும் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்ந்தது 2011-இல். அதற்கு முன் பிறந்தவர்களில் வைரஸைச் சுமப்பவர் பலருக்கு அது தெரியாது. ஆகவே "உங்களுக்கு மஞ்சள்காமாலை வந்ததுண்டா?" என்ற கேள்வியை மட்டும் நம்ப முடியாது. நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவரையும் தொற்று உள்ளவராகவே கருதி வேலை செய்வதுதான் முறை. மருத்துவரும் உதவியாளரும் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

இரத்தத்துக்கு அஞ்சிய அளவுக்குத் தண்ணீருக்கு யாரும் அஞ்சியதில்லை. அது எவ்வளவு பெரிய பிழை என்பதைத் தமிழ்நாடு காட்டியது. 2022-23-இல் திருப்பத்தூர் மாவட்டத்தையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா நோய் வந்தது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியிலுள்ள ஒரே பல் மருத்துவமனைக்குப் போயிருந்தவர்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தனர். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் பிறரும் செய்து 2025-இல் வெளியான ஆய்வின்படி, அங்கே புழக்கத்தில் இருந்த சலைன் (உப்புநீர்) பாட்டிலில் அந்த நோயின் கிருமி இருந்தது. தூய்மைப்படுத்தாத கருவியால் பாட்டிலைத் திறந்து, தளர்வாக மூடி, மீண்டும் மீண்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஈரமண்ணில் வாழும் கிருமி அது. மழை மிகுந்த தீவுகளில் பணிபுரிவோர் இந்தச் சம்பவத்தை அக்கறையுடன் படிக்க வேண்டும். பல்லைப் பிடுங்கும்போதும் ஈறை அறுக்கும்போதும் ஒவ்வொருவருக்கும் புதிதாகத் திறந்த சலைனே பயன்பட வேண்டும்.

2020-இல் கோவிட் வந்தபோது ஹேண்ட்பீஸின் சாரலே அச்சமாகி, அவசரமல்லாத சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. மத்தியச் சுகாதார அமைச்சகம் அந்த ஆண்டு மே மாதம் பல் மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது.

கழிவை அகற்றுவது தீவுகளில் தனிச் சிக்கல். 2016-இன் உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசிகள் துளைபடாத வெள்ளைக் கலத்திலும், இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையிலும் போக வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எட்டாத தொலைவிடங்களில் மஞ்சள் பைக் கழிவை ஆழக் குழியில் புதைக்க அனுமதி உண்டு. குழி இரண்டு மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் குழியின் அடியிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் கீழே இருக்க வேண்டும். கார் நிக்கோபார் போன்ற தாழ்ந்த, தட்டையான தீவில் அப்படி ஓர் இடம் தேடுவது எளிதல்ல.