திராட்சை நிறமியின் மரபியல்

திராட்சைக்குச் சிவப்பு, ஊதா, கறுப்பு நிறங்களைத் தருபவை அந்தோசயனின் நிறமிகள். கறுப்புத் திராட்சையிலும் இவை பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். பழத்தைப் பிதுக்கினால் சதை வெளிறியே இருக்கும். கொடியின் எந்த உறுப்பில், எப்போது நிறமி ஊறும் என்பது மரபணுக்களின் கையில் உள்ளது.

காட்டுத் திராட்சை கருநிறம். வெள்ளை வகை தோன்றிய காலமும் இடமும் உறுதியாகவில்லை. எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறைச் சாடிகளில் வெள்ளை ஒயினின் தடயம் இருந்ததாக 2006இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

சதையும் சிவந்த வகைகள் அரிது. தென் பிரான்சில் லூயி பூஷே 1820களில் அப்படியொரு வகையை அராமோனுடன் கலந்து பெத்தி பூஷேயை உருவாக்கினார். மகன் ஆன்றி அதைக் கிரனாஷுடன் சேர்த்து அலிகாந்தே பூஷேயைப் பெற்றார். அந்த ஆண்டு 1855 என்றும் 1866 என்றும் இருவிதமாகக் குறிக்கப்படுகிறது. இதன் சாறு பிழியும்போதே சிவப்பு. இலையுதிர் காலத்தில் இலையும் செக்கச் சிவக்கும்.

1969இல் பாரிட், ஐன்செட் இருவரும் கறுப்பு சிவப்பை மிஞ்சும், சிவப்பு வெள்ளையை மிஞ்சும் என்று கலப்புச் சோதனைகளிலிருந்து விளக்கினர்.

இதற்கு எந்த மரபணு காரணம் என்ற தெளிவு 1996க்குப் பிறகே வந்தது. ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் பழத்தை ஆராய்ந்த பாஸ், டேவிஸ், ராபின்சன் ஆகியோர், நிறமி உருவாக்கத்தின் பல மரபணுக்கள் காயிலேயே இயங்குவதையும், யூ.எஃப்.ஜி.டி. என்னும் நொதியின் மரபணு மட்டும் பழம் நிறம் திரும்பும்போதே விழிப்பதையும் கண்டனர். வெள்ளைப் பழத்தில் அது விழிப்பதில்லை. ஆகவே பழுது அதை எழுப்பும் கட்டுப்பாட்டு மரபணுவில் இருக்கவேண்டும். 2004இல் ஜப்பானில் கோபயாஷி குழுவினர் அதைப் பிடித்தனர்: மிப்ஏ1 மரபணுவின் முகப்பில் கிரெட்1 என்னும் தாவும் டி.என்.ஏ. துண்டு புகுந்து அதை அடைத்திருந்தது. வெள்ளை இத்தாலியா கொடியின் மொட்டுத் திரிபில் அத்துண்டு பெரும்பாலும் வெளியேற, ரூபி ஒகுயாமா சிவந்து காய்த்தது. பக்கத்திலுள்ள மிப்ஏ2வும் வெள்ளை வகைகளில் பழுதானது என 2007இல் வாக்கர் குழுவினர் காட்டினர். ஏறத்தாழ எல்லா வெள்ளை வகைகளிலும் இதே பழுதுகள் காணப்படுவதால் அவற்றுக்கு ஒரே மூலம் என்பது பலரின் கருத்து.

தெற்கு ஆஸ்திரேலியாவின் லாங்ஹார்ன் கிரீக்கில் கறுப்புக் கபர்னே சோவிஞ்ஞான் கொடியொன்று, 1977இல் ஒரு கிளையில் மட்டும் வெண்கல நிறக் குலை விட்டது. மாலியன் எனப்பட்ட அவ்வகையின் தோலில் உள்ளடுக்கு செல்கள் இவ்விரு மரபணுக்களையும் இழந்திருந்தன. மேலடுக்கு செல்கள் இழக்கவில்லை. பின்னர் உள்ளடுக்கு செல்கள் மேலடுக்கையும் பிடித்துக்கொள்ள, முழு வெள்ளையான ஷாலிஸ்டின் பிறந்தது. ஒரு பழத்தோலின் இரு அடுக்குகள் இருவேறு மரபு கொண்டிருப்பதற்கு இதைவிட அழகிய சான்று கிடைப்பது அரிது.

இலை முதலிய உறுப்புகளின் நிறத்தில் 14ஆம் குரோமோசோமிலுள்ள தொடர்புடைய மரபணுக்களுக்குப் பங்குண்டு என 2017இல் அறியப்பட்டது. சிவந்த சதை வகைகளில் மிப்ஏ1இன் முகப்பில் 408 எழுத்துகள் கொண்ட பகுதி திரும்பத் திரும்ப வருவதாக 2020 ஆய்வு குறிப்பிடுகிறது.