பிரித்தானிய வேட்டைத் துவக்குகளின் காலநிர்ணயம்

பழம்பொருளொன்றின் வயதை அறிய விழைவோர் அதன்மீது பொறிக்கப்பட்ட பெயரையே முதலில் நாடுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானிய வேட்டைத் துவக்கைப் பொறுத்தவரை இம்முறை ஆய்வாளனைப் பெரிதும் ஏமாற்றவல்லது. பேமிங்காம் நகரப் பட்டறைகள் பிற வணிகரின் கட்டளைக்கிணங்கத் துவக்குகளைச் செய்து, அவ்வணிகரின் பெயரையே பொறித்து அனுப்பின. சிறு நகரொன்றின் இரும்புக் கடைக்காரர் தம் பெயர் தாங்கிய துவக்கில் ஓர் ஆணியைத்தானும் அறைந்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை. பெல்ஜியத்திலிருந்தோ, புகழ்பெற்ற இலண்டன் வினைஞரின் பெயர்களை ஒத்த பெயர்களுடன் மலிவான துவக்குகள் வந்தன.

பெயரினும் முகவரி ஓரளவு பயன்தரும். ஜோசப் மான்ரன் 1826இல் கடனால் நொடித்தபின், ஒக்ஸ்போட் வீதியிலிருந்த அவரது கடையில் ஜேம்ஸ் பேர்டி குடியேறினார். ஆகவே அவ்வீதியின் பெயருடன் பேர்டியின் பெயரும் காணப்படும் துவக்கு அவ்வாண்டுக்கு முற்பட்டதாகாது.

பொறிமுறையும் இவ்வாறே முன்னெல்லையை மட்டும் காட்டும். தட்டினால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு அலெக்சாண்டர் போசைத் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் 1807இல் காப்புரிமை பெற்றார். ஆயின் பழைய சக்கிமுக்கித் துவக்குகள் பல பிற்காலத்தில் இம்முறைக்கு மாற்றியமைக்கப்பட்டன. குதிரை வெளித்தெரியாத அன்சன், டீலி ஆகியோரின் அமைப்பு 1875இல் தோன்றியபோதும், வெளிக்குதிரைத் துவக்குகளின் உற்பத்தி நின்றுவிடவில்லை.

உறுதியான சான்று கண்ணுக்கு மறைவாக உள்ளது. குழலைக் கட்டையினின்றும் பிரித்து அதன் அடிப்புறத்தை நோக்குதல் வேண்டும். அளவுக்கு மிஞ்சிய மருந்திட்டு வெடித்துப் பார்த்தபின், வெடிக்காது தாங்கிய குழல்களுக்குச் சோதனைச்சாலையார் இட்ட முத்திரைகள் அங்கே இருக்கும். இலண்டன் துவக்குவினைஞர் கழகம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பேமிங்காம் சோதனைச்சாலை 1813இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. முடியின்கீழ் குறுக்கிட்ட இரு செங்கோல்கள் 1813 முதல் 1904 வரை பேமிங்காமின் அடையாளம். அருகே காணப்படும் 12 என்னும் எண், குழலின் விட்டமுடைய ஈய உருண்டைகள் பன்னிரண்டு ஓர் இறாத்தல் நிறுக்கும் என்பதைக் குறிக்கும்.

இவற்றுள் மிகக் கூர்மையாகக் காலங்காட்டுவது ‘நொட் போ போல்’ என்னும் பொறிப்பே. வாய் ஒடுங்கிய குழலில் உருண்டைக்குண்டு இடலாகாது என்னும் இவ்வெச்சரிக்கை 1875 முதல் 1887 வரை மாத்திரமே வழங்கியது. செங்கோல்களும் இவ்வாசகமும் ஒருங்கே அமைந்த குழலை அப்பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடலாம். மேலே பேர்டி என்றிருப்பினும் மான்ரன் என்றிருப்பினும் இம்முடிபு மாறாது.

ஆனால் அதே குழலில் ‘நைட்ரோ புறூவ்’ என்றும் காணப்படலாம். இது முரணன்று. 1896 முதல் வழங்கிய அம்முத்திரை, புகையில்லா வெடிமருந்துக்கென அத்துவக்கு பிற்காலத்தில் மீண்டும் சோதிக்கப்பட்டதையே உணர்த்தும். அம்முத்திரையற்ற பழங்குழலிற் புதுத் தோட்டாவை இட்டுச் சுடுவோர் கையையும் கண்ணையும் பணயம் வைப்பவராவர்.